குத்தகை விஞ்ஞானிகள்

போன ஆவணியில் தஞ்சாவூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் மூத்த பெரியப்பா, இன்னொரு பக்கம் அக்கா. அக்கா என்றால் ரெண்டாவது பெரியப்பாவின் பொண்ணு. சிவில் இன்ஜினியரிங், அப்புறம் எம்.டெக்., அப்புறம் மழையைக் கணினியில் மாடல் செய்வதில் பி.எச்டி. இப்போது ஒரு தேசிய ஆய்வகத்தில் போஸ்ட்டாக். வயது 31.

"இப்ப எங்கம்மா இருக்க?" பெரியப்பா ஆரம்பித்தார்.

"ஒரு தேசிய ஆய்வகத்துல பெரியப்பா."

"கவர்மென்டா?"

"கவர்மென்டுதான்."

"பெர்மனென்டா?"

அக்கா அப்பளத்தை உடைத்தாள். "இல்ல பெரியப்பா. ரெண்டு வருஷம். வேலை நல்லா போனா இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வேற இடம் பாக்கணும்."

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப குத்தகைன்னு சொல்லு."

பந்தியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கிண்டல் பண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர் அவர். அவருக்குத் தெரிந்த சொல்லால் அக்காவின் வேலையைப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். யோசிக்க யோசிக்க, நான் கேள்விப்பட்டதிலேயே போஸ்ட்டாக் வேலைக்கு அதுதான் சரியான விளக்கம் என்று தோன்றுகிறது. அதை வைத்துத்தான் இந்தக் கட்டுரை.

பிளேஸ்மென்ட் சீசனில் ஏன்டா இந்தப் பேச்சு என்று கேட்காதீர்கள். பிளேஸ்மென்ட் சீசனில்தான் இதைப் பேச வேண்டும்.

அக்கா அப்படி என்னதான் செய்கிறாள்?

நாலாவது செமஸ்டரில் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைப் படித்தோம். நியூமெரிக்கல் மெத்தட்ஸில் ரூங்கே-குட்டா படித்தோம். பதினாறு மார்க் கேள்வியாக வந்தது, எழுதினோம், மறந்தோம். அக்காவின் வேலை அந்த இரண்டையும் சேர்த்ததுதான்.

ஒரு பாலத்தைக் கட்டும் முன் சின்னதாக மாதிரி செய்து சோதிக்கலாம். ஒரு புயலை அப்படிச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவர முடியாது. அதனால் காற்றுமண்டலத்தைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எப்படி மாறும் என்று சமன்பாடுகளைப் போட்டு, சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பத் தீர்க்கிறார்கள். இப்படிக் கணக்கீட்டையே சோதனைக்கூடமாக வைத்துச் செய்கிற அறிவியல்தான் கணக்கீட்டு அறிவியல். வானிலை, அணு உலைக்கான உலோகம், மருந்து மூலக்கூறு, கடல் அலை, நிலத்தடி நீர் என்று எல்லாத் துறையிலும் இப்போது இது இருக்கிறது.

கட்டம் எவ்வளவு சின்னது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கட்டத்தின் அகலம் 12 கிலோமீட்டர் என்றால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் மூன்று கட்டம்தான். திருவையாறு, பாபநாசம், அய்யம்பேட்டை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 2025 மே 26-ல் இந்தியா தொடங்கிய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் இந்த அளவை 6 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறது. உருவாக்கியது புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம்.

12-ஐ 6 ஆக்குவது கேட்கச் சுலபம். நீளத்தில் இரட்டிப்பு, அகலத்தில் இரட்டிப்பு, கட்டம் சின்னதானால் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக மொத்தக் கணக்கு எட்டு மடங்கு. அதற்குத்தான் சூப்பர் கம்ப்யூட்டர். 2024 செப்டம்பரில் புனேயில் 'அர்கா', நொய்டாவின் தேசிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையத்தில் 'அருணிகா' என்று இரண்டு வந்தன. அர்காவின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவுடையது 8.24. ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள்.

இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. 1988-ல் அந்த நொய்டா மையம் தொடங்கப்படுவதற்கு முன்பே, பருவமழையைக் கணிக்கத்தான் இந்தியா அமெரிக்காவிடம் க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. கேட்டதைவிடத் திறன் குறைந்த மாடல்தான் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில்தான் புனேயில் சி-டாக் ஆரம்பித்து, 1991-ல் பரம் 8000 வந்தது. நம் நாட்டின் சூப்பர் கம்ப்யூட்டர் கதையே மழையைப் பற்றிய கவலையிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் தப்பில்லை.

மெஷின் வாங்கக் காசு போதும். அதில் ஓடுகிற மாடலை எழுத, திருத்த, எந்த இடத்தில் மழை தப்பாக வருகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேட ஆள் வேண்டும். அந்த ஆட்களில் நிரந்தர விஞ்ஞானிகள் உண்டு. அவர்களோடு கூடவே ஒரு பெரிய கூட்டம் உண்டு: ரிசர்ச் அசோசியேட், ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட், போஸ்ட்டாக். எல்லாரும் குத்தகைதான்.

நமக்கு இதில் என்ன?

எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 15 ராத்திரி நான் ஒன்பதாம் வகுப்பு. ரெண்டு நாளாகவே ரேடியோவிலும் டிவியிலும் கஜா, கஜா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா மாட்டை அவிழ்த்து ஓட்டு வீட்டுப் பக்கம் கட்டினார். எங்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். 16-ம் தேதி விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரை கடந்தது. காலையில் தோப்புக்குப் போனோம். அறுபது சொச்சம் தென்னையில் பதினொன்றுதான் நின்றது. அப்பா எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது தாத்தா வைத்த தோப்பு.

1977 நவம்பர் 12-ல் இதே நாகப்பட்டினம் கரையில் ஒரு புயல் வந்தது. அதில் 500-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கஜாவிலும் உயிர்ப்பலி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கஜா வருவதற்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு நகர்த்திவிட்டார்கள். எந்த நாள், எந்தக் கரை, காற்று என்ன வேகம் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்ததால்தான் அது முடிந்தது. தென்னையை எந்த மாடலாலும் காப்பாற்ற முடியாது. என்னையும் என் தங்கச்சியையும் காப்பாற்ற முடிந்தது.

இன்னும் முடியாதது நிறைய இருக்கிறது. 2021 ஜனவரியில் டெல்டாவில் கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் மழை கொட்டியது. 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அதே கதை. சம்பாவும் தாளடியும் தண்ணீரில் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டதைப் பார்த்தவர்கள் நம் வகுப்பிலேயே இருப்பீர்கள். "தஞ்சை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி அறுவடை மெஷினை இன்றைக்குக் கூப்பிடுவதா, நாளான்னைக்குக் கூப்பிடுவதா என்று முடிவு பண்ண முடியாது. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு மழை என்று நெருங்கிச் சொல்ல இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. கடல் நீர் நிலத்தடியில் எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது, மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எந்த நாளில் எவ்வளவு போய்ச் சேரும் என்பதெல்லாமும் இதே மாதிரிக் கணக்குகள்தான்.

இந்தக் கணக்கைப் போடுகிறவர்களில் கடைமடையைப் பார்த்தவர்கள் சிலராவது இருக்க வேண்டும். மாடலில் ஒரு கட்டமாகத் தெரிகிற இடம் நமக்கு ஊர். இதுதான் நான் சொல்ல வந்ததில் முதல் பாதி: நம்மில் சிலர் இந்த வேலைக்குப் போக வேண்டும்.

போனவர்கள் கதை

நம் பக்கத்து ஆட்கள் போகாமல் இல்லை.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1952-ல் கேம்பிரிட்ஜில் பி.எச்டி. முடித்துவிட்டு, அமெரிக்காவின் விஸ்கான்சினில் போஸ்ட்டாக் ஆராய்ச்சி செய்தார், உருளைக்கிழங்கில். அங்கேயே இருக்க வாய்ப்பு வந்தும் வேண்டாமென்று 1954-ல் ஊர் திரும்பினார். திரும்பியவருக்கு உடனே வேலை இல்லை. சில மாதம் கழித்துக் கட்டக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகமாக ஓர் இடம் கிடைத்தது. பசுமைப் புரட்சியின் முகமாக நாம் பாடத்தில் படிக்கிற மனிதர், இந்தியாவில் ஆரம்பித்தது ஒரு தற்காலிக வேலையில்.

வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்தது கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தில், 1952-ல். 1976-ல் இயற்பியலில் பி.எச்டி. வாங்கியவர், பிறகு உயிரியலை அடியிலிருந்து படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் செய்துவிட்டு ஏறக்குறைய 50 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. அவரை எடுத்துக்கொண்டவை தேசிய ஆய்வகங்கள்தான். முதலில் ஓக் ரிட்ஜ், பிறகு 1983 முதல் 1995 வரை புரூக்ஹேவன். ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் நோபல் வந்தது.

நம் துறைக்கு நேராக வந்தால், அனீசுர் ரஹ்மான். ஹைதராபாத்காரர். 1960-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். 1964-ல் சி.டி.சி. 3600 என்ற கணினியில் 864 ஆர்கான் அணுக்களை ஓடவிட்டு, திரவத்தில் அணுக்கள் எப்படி நகர்கின்றன என்று காட்டினார். இன்று மருந்து கண்டுபிடிப்பிலிருந்து பேட்டரி வரை பயன்படுகிற மாலிக்யூலர் டைனமிக்ஸ் முறையின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 864 அணு என்பது இப்போது நம் ஹாஸ்டல் லேப்டாப்பில் விளையாட்டாக ஓடும். அன்றைக்கு அதைச் செய்ய ஒரு தேசிய ஆய்வகமும், அதன் மெஷினும், "இது எதற்கு உதவும்?" என்று அவசரப்படுத்தாத ஒரு நிர்வாகமும் தேவைப்பட்டன. பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க வேண்டும், கம்பெனியில் காலாண்டு லாபம் காட்ட வேண்டும். ஒரு கணக்கைப் பத்து வருஷம் துரத்த முடிகிற இடம் தேசிய ஆய்வகம்தான்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. "பார்த்தியா, அவரே கஷ்டப்பட்டார், நீயும் கஷ்டப்படு" என்று முடித்துவிடுவோம். ஒரு வெங்கி மேலே வந்தார் என்பதற்காக, அந்த மாதிரி 50 விண்ணப்பம் போட்டு எதுவும் கிடைக்காமல் துறையையே விட்டுப்போனவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

காசு விஷயம்

பேசாமல் விட்டால் அது நேர்மை இல்லை. இந்தியாவில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000. பி.எச்டி. முடித்த ரிசர்ச் அசோசியேட்டுக்கு மூன்று படி: 58,000, 61,000, 67,000. கூடவே வீட்டு வாடகைப் படி. அதற்கு முன்பு ஆரம்பப் படி 47,000-ஆக இருந்தது. 2019-ல் விகிதம் உயர்ந்ததும் சும்மா நடக்கவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் நாடு முழுக்கப் போராடிய பிறகு நடந்தது.

58,000 குறைவா? பிளேஸ்மென்டில் நாலு லட்சம் பேக்கேஜ் வாங்குகிற நமக்கு அது பெரிய தொகை. ஆனால் அக்காவோடு பி.டெக். முடித்தவர்கள் ஒன்பது வருஷ அனுபவத்தில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். இது சம்பளம் கிடையாது, ஃபெல்லோஷிப். பொதுவாக பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை. பேங்கில் வீட்டுக் கடன் கேட்டால் கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது என்பதுதான் முதல் கேள்வி.

வயதுக் கணக்கு இதைவிடக் கொடுமை. 22-ல் பி.இ., 24-ல் எம்.இ., பி.எச்டி. அஞ்சு வருஷம் என்றால் 29. ரெண்டு வருஷம் போஸ்ட்டாக், 31. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களின் சயின்டிஸ்ட் பணி அறிவிப்புகளில் வயது வரம்பு பொதுவாக 32. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு என்றாலும் ஓட்டம் ஓட்டம்தான். இடையில் ஒரு வருஷம் வேலை பார்த்து வீட்டுக் கடனை அடைத்தவன், அரியர் வைத்தவன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் இருந்தவன் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். பெண்களுக்கு அதே வருஷங்களில்தான் கல்யாணம், குழந்தை என்று வீடு நெருக்கும். அக்காவைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஒரே கேள்வி, "அடுத்த வருஷம் பொண்ணு எந்த ஊர்ல இருக்கும்?" அக்காவிடம் பதில் இல்லை.

அக்காவுக்கு ஒரு தடவை நாலு மாசம் ஃபெல்லோஷிப் வரவில்லை. ஆய்வகத்தின் பெயர் வேண்டாம், இது ஒரு இடத்தின் பிரச்சனை இல்லை. "ஃபைல் மேல போயிருக்கு" என்ற பதில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் வரும். அந்த நாலு மாசம் அவள் மாடல் நிற்கவில்லை, வீட்டு வாடகையும் நிற்கவில்லை. ரெண்டாவது பெரியப்பா நெல் விற்ற காசை அனுப்பினார். நாட்டின் வானிலைக் கணிப்புக்கு ஒரு விவசாயி கடன் கொடுத்தார் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா சொன்ன மிச்சம்

கல்யாணம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பெரியப்பாவிடம் கேட்டேன், "அக்காகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"குத்தகைன்னா கேவலம்னு யாரு சொன்னா தம்பி?" என்றார். "சொந்த நெலம் இல்லாதவன் குத்தகைக்குத்தான் ஓட்டணும். நல்லா ஓட்டுனா நல்லாதான் வெளையும். ஆனா மூணு விஷயம் வேணும். எத்தன வருஷம்னு தெரியணும். பங்கு எவ்வளவுன்னு தெரியணும். பதிவு இருக்கணும். பதிவு இல்லன்னா வெள்ளத்துக்கு நிவாரணம் வரும்போது உம்பேரு இருக்காது. வெதச்சது நீயா இருப்ப, காசு வேற யாருக்கோ போவும்."

இந்த மூன்றும் டெல்டாவுக்குச் சும்மா கிடைத்ததில்லை. சாகுபடி செய்கிறவரை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது, விளைச்சலில் அவருக்கு நியாயமான பங்கு உண்டு என்று சட்டம் பேச ஆரம்பித்தது 1952-ல், தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தில். சட்டத்தின் பெயரிலேயே நம் மாவட்டம் இருக்கிறது. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு வந்தது அது. 1955-ல் மாநிலத்துக்கே பொதுவாக ஒரு சட்டம், 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய ஒரு சட்டம். இவை நிலத்தைச் சொந்தமாக்கவில்லை. குத்தகையை மரியாதையான குத்தகையாக்கப் பார்த்தன. எல்லா இடத்திலும் முழுசாக நடந்ததா என்று கேட்டால் பெரியப்பா சிரிப்பார். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருப்பதால்தான் அவரால் வாய் திறந்து கேட்க முடிகிறது.

இதுதான் நான் சொல்ல வந்ததில் இரண்டாம் பாதி. "எல்லாரையும் பெர்மனென்ட் ஆக்கு" என்பது என் கோரிக்கை இல்லை. போஸ்ட்டாக் தற்காலிகமாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓர் ஆய்வகத்துக்குப் புது ஆள், புது யோசனை வந்துகொண்டே இருக்க வேண்டும். இளம் ஆராய்ச்சியாளரும் ரெண்டு மூன்று இடம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டு இதைத்தான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். குத்தகை முறை இருக்கட்டும். பெரியப்பா கேட்கிற மூன்றும் அதில் இருக்கட்டும்.

ஒன்று, காலம். ஒரு வானிலை மாடலைப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆகும். ரெண்டு வருஷக் கான்ட்ராக்டில் இரண்டாவது வருஷம் அடுத்த வேலை தேடுவதில் போய்விடுகிறது. ஆரம்பத்திலேயே மூன்று வருஷம் கொடுங்கள். நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை ஆறு மாசம் முன்பே சொல்லுங்கள். வயது வரம்பைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பி.எச்டி. முடித்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

இரண்டு, பங்கு. ஃபெல்லோஷிப் மாதம் பிறந்தால் கணக்கில் ஏற வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டருக்கு 850 கோடி செலவழிக்க முடிகிற நாட்டுக்கு இது பெரிய காரியம் இல்லை.

மூன்று, பதிவு. கணக்கீட்டு அறிவியலில் விளைச்சல் என்பது கோட். பேப்பரில் பெயர் வரும், கோடில் பெயர் வராது. மாடலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினவர் கான்ட்ராக்ட் முடிந்து போய்விடுவார், திருத்தம் மட்டும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். எந்த வரியை யார் எழுதினார் என்பதை வெளிப்படையாகப் பதிவு செய்து, அதையும் வேலைத் தகுதியாக எண்ண வேண்டும்.

ஜூனியர்ஸுக்கு

இவ்வளவு படித்த பிறகும் ஆர்வம் இருக்கிறவர்களுக்குச் சில விஷயம்.

நியூமெரிக்கல் மெத்தட்ஸை மார்க்குக்காகப் படிக்காதீர்கள். பைத்தான் தெரிந்தால் போதும் என்று நிற்காதீர்கள். வானிலை மாடல்களின் பெரும்பகுதி இன்னும் ஃபோர்ட்ரானில்தான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பல பிராசசரில் பிரித்து ஓட்டுகிற எம்.பி.ஐ. கற்றுக்கொள்ளுங்கள். டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாடல் இலவசம். சின்ன அளவில் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கஜாவை ஓட்டிப் பாருங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் புனே, டெல்லி என்று நினைக்க வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாசம் முதல் 'பரம் பொருள்' இருக்கிறது, 838 டெராஃப்ளாப்ஸ். தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேர பஸ். கேட் தேர்வை வெறும் பி.எஸ்.யூ. வேலைக்கான தேர்வாகப் பார்க்காதீர்கள், ஆராய்ச்சிக்கும் அதுதான் வாசல். இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து கொடுக்கிற கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். ரெண்டு மாசம் ஓர் ஆய்வகத்துக்குள் இருந்து பார்த்தால் இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பெங்களூரு சி.எஸ்.ஐ.ஆர். நான்காம் முன்மாதிரி நிறுவனம், ஹைதராபாத் இன்காய்ஸ், சென்னை தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் எல்லாம் நாம் தட்டக்கூடிய கதவுகள்தான்.

சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பணம் எந்த ப்ராஜெக்டிலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது? நான் எழுதுகிற கோடில் என் பெயர் இருக்குமா? கூச்சப்பட வேண்டாம். குத்தகைக்கு நிலம் எடுக்கிறவர் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எடுப்பாரா?

கடைசியாக ஒன்று. ஐப்பசியில் பெரியப்பா எனக்குப் போன் பண்ணினார். அவர் வழக்கமாக என்னைக் கூப்பிடுகிறவர் இல்லை.

"தம்பி, அக்கா நம்பர் இருக்கா? நாளைக்கு உரம் போடலாமா, மழை வருமான்னு கேக்கணும்."

நம்பர் கொடுத்தேன். ராத்திரி அக்காவைக் கூப்பிட்டு என்ன சொன்னாய் என்று கேட்டேன். ரெண்டு நாள் பொறுங்க என்று சொன்னாளாம். பெரியப்பா பொறுத்தார். மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, உரம் மூட்டையிலேயே பத்திரமாக இருந்தது.

அக்காவின் கான்ட்ராக்ட் வருகிற மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.